பட்டறைக் கேள்வி-பதில்: புது எஞ்சின், நீலப் புகை

*ஐயா, வணக்கம். நான் இங்கிலாந்தில் லெஸ்டர் நகரில் இருக்கிறேன், சொந்த ஊர் தாராபுரம். என்னிடம் 1967-ஆம் வருட எம்.ஜி.பி. ரோட்ஸ்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று இருக்கிறது. 1798 சிசி எஞ்சின். போன குளிர்காலத்தில் முழுசாகப் பிரித்து வேலை பார்த்தோம். பிளாக் 30 தௌ (அங்குலத்தில் ஆயிரத்தில் முப்பது பங்கு) ஓவர்சைஸ் போர் (சிலிண்டர் துளை), புது பிஸ்டன், புது ரிங், ஹெட்டில் புது கைடு, புது வால்வு. போர் வேலையும் ஹெட் வேலையும் வெளிப் பட்டறையில் நடந்தது. பூட்டியது நானும் என் மகளும். 400 மைல் ஓடிவிட்டது. சிக்னலில் இரண்டு நிமிடம் நின்றால் பின்னால் நீலப் புகை எழும்புகிறது. இறக்கத்தில் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கிவிட்டு மறுபடி மிதித்தால், பின்னால் வருகிற வண்டியே கண்ணாடியில் தெரிவதில்லை. சமதளத்தில் 60 மைல் வேகத்தில் போனால் புகை இல்லை. நூறு மைலுக்கு அரை லிட்டர் ஆயில் குறைகிறது. நான்கு பிளக்கும் ஒரே மாதிரி ஈரக் கறுப்பு. கம்ப்ரஷன் நான்கிலும் 155-க்கும் 160 பி.எஸ்.ஐ.-க்கும் நடுவில் நிற்கிறது. பட்டறைக்காரர் "ரிங் செட் ஆகும், ஆயிரம் மைல் பொறுங்கள்" என்கிறார். நண்பர் ஒருவர் "போர் பளபளப்பாகிவிட்டது, எஞ்சினை இறக்கு" என்கிறார். மறுபடி இறக்கத்தான் வேண்டுமா? போட்டோ இணைத்திருக்கிறேன். மேலே பளபளக்கும் குரோம் ஆயில் மூடி மகள் ஆசையாக வாங்கிப் போட்டது. அதைத் திறக்கும்போது மட்டும் கொஞ்சம் இழுத்துப் பிடிக்கிறது.*

இறக்க வேண்டாம் தம்பி. அதுவும் இப்போது வேண்டவே வேண்டாம்.

உங்கள் வண்டியை நான் நேரில் பார்த்ததில்லை. கோயம்புத்தூரில் என் பட்டறைக்கு எம்.ஜி.பி. ஒன்றே ஒன்று வந்திருக்கிறது, அதுவும் பிரேக் வேலைக்கு. ஆனாலும் அந்த எஞ்சின் எனக்கு அந்நியம் இல்லை. நாற்பது வருடம் நான் பிரித்துப் பூட்டிய அம்பாசடரின் 1489 சிசி எஞ்சினும் உங்களுடையதும் பி.எம்.சி. என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் பி-சீரிஸ் என்ற ஒரே குடும்பம். அதே 1489-ஐத்தான் 1955-ல் எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் இரண்டு கார்புரேட்டர் வைத்து ஓடவிட்டார்கள். இங்கே அதே எஞ்சின் கல்யாண வீட்டுக்காரர் ஒன்பது பேரை ஏற்றிக்கொண்டு பழநி போய் வந்தது. 1962-ல் எம்.ஜி.பி. வந்தபோது போரை 80.26 மில்லிமீட்டருக்குப் பெரிதாக்கினார்கள். ஸ்ட்ரோக் பழைய 88.9 அப்படியே. ஆக, அம்பாசடரின் அண்ணன் பிள்ளை உங்கள் வீட்டில் இருக்கிறான். அவன் புகை விட்டால் எனக்கும் கொஞ்சம் பொறுப்பு உண்டு.

புகை என்றதும் எல்லோரும் நிறத்தைப் பார்க்கிறார்கள். நீலம் ஆயில், கறுப்பு பெட்ரோல், வெள்ளை தண்ணீர். சரிதான், ஆனால் அது பாதிதான். எப்போது வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. உங்கள் கடிதத்தில் எனக்குப் பிடித்ததே, அதைத் தெளிவாக எழுதியிருந்ததுதான்.

ரிங் சரியில்லை என்றால், எஞ்சின் பாரம் இழுக்கும்போது புகை வரும். மேட்டில் ஏறும்போது வரும், 60 மைலில் போனாலும் வாலாக நீளும். உங்களுக்கு நேர்மாறாக இருக்கிறது. சிக்னலில் நிற்கும்போதும், இறக்கத்தில் கால் எடுத்தபோதும்தான். அந்த இரண்டு நேரத்திலும் பொதுவாக என்ன இருக்கிறது? கார்புரேட்டர் திராட்டில் மூடியிருக்கிறது. பிஸ்டன் காற்றை இழுக்கப் பார்க்கிறது, வழி இல்லை. அதனால் இன்லெட் மேனிஃபோல்டில் (கார்புரேட்டரிலிருந்து ஹெட்டுக்குப் போகும் குழாயில்) வெற்றிடம் உச்சத்துக்குப் போகிறது. ஐடிலில் வாக்யூம் கேஜ் வைத்தால் 18, 20 இன்ச் காட்டும். அந்த இழுப்பு, ஆயில் கிடைக்கிற எந்தச் சந்தாக இருந்தாலும் உறிஞ்சிவிடும். இறக்கம் முழுக்க உறிஞ்சிச் சேர்த்து வைத்ததை, மறுபடி மிதிக்கும்போது மொத்தமாக எரித்துத் தள்ளுகிறது. பின்னால் வருகிறவர் காணாமல் போவது அதனால்தான்.

அப்படி ஆயில் உறிஞ்சப்பட உங்கள் எஞ்சினில் இரண்டு வழி. ஒன்று, ஹெட்டில் இன்லெட் வால்வின் கைடும் (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழல்) அதன் ஆயில் சீலும். இன்னொன்று கிராங்க் கேஸ் (பிஸ்டனுக்குக் கீழே உள்ள எஞ்சின் பெட்டி) மூச்சுவிடும் குழாய். எதை முதலில் சந்தேகிப்பது?

பிளக்கைப் பாருங்கள். பி-சீரிஸ் ஹெட்டில் இன்லெட் துளை நான்கு கிடையாது, இரண்டுதான். ஒன்றும் இரண்டும் ஒரு வாசலில், மூன்றும் நான்கும் இன்னொரு வாசலில். ஒரு கைடு கெட்டிருந்தால் ஒரு பிளக் நனையும், மிஞ்சிப் போனால் பக்கத்து வீட்டுக்காரனும் நனைவான். நான்கும் "ஒரே மாதிரி" நனைகிறது என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நாலு வீட்டுக் குழாயிலும் கலங்கல் தண்ணீர் வந்தால் குழாயையா கழற்றுவோம்? மேலே தொட்டியைத்தான் பார்ப்போம். இங்கே தொட்டி என்பது மேனிஃபோல்டு.

உங்கள் 1967 வண்டியில் அந்த மேனிஃபோல்டின் மேலே வட்டமாக ஒரு வால்வு உட்கார்ந்திருக்கும். பி.சி.வி. வால்வு என்பார்கள், ஸ்மித்ஸ் கம்பெனி செய்தது. எஞ்சினின் பக்கக் கவரிலிருந்து ஒரு ரப்பர் ஹோஸ் அதற்கு ஏறும். கிராங்க் கேஸில் சேரும் புகையை இழுத்து மறுபடி எரிப்பது அதன் வேலை. பிற்பாடு எம்.ஜி.காரர்களே இதைக் கைவிட்டு, அந்த ஹோஸைக் கார்புரேட்டருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். இந்த வால்வு ஒழுங்காக வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. ஒரு பக்கம் இழுத்தால், இன்னொரு பக்கம் கொஞ்சம் வெளிக்காற்று உள்ளே வரவேண்டும். அந்தக் காற்று வரும் வழி எது தெரியுமா? ஆயில் மூடி. கம்பெனி மூடிக்குள் சின்ன ஃபில்டரும் காற்றுத் துளையும் இருக்கும். வெளியே பார்த்தால் தெரியாது.

இப்போது உங்கள் மகள் வாங்கிய குரோம் மூடிக்கு வருகிறேன். போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்தேன். அழகாக இருக்கிறது. துளை இருப்பதாகத் தெரியவில்லை. திறக்கும்போது இழுத்துப் பிடிக்கிறது என்று கடைசி வரியில், போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். தம்பி, கடிதத்தின் முதல் வரியே அதுவாக இருந்திருக்க வேண்டும்! போர் போன எஞ்சினில் ஆயில் மூடியைத் திறந்தால் கையில் புகையை ஊதும். உங்களுடையது உள்ளே இழுக்கிறது. காற்று வர வழியில்லாமல் மேனிஃபோல்டு மொத்த கிராங்க் கேஸையும் உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. அதோடு ஆயிலும் போகிறது.

சோதிப்பதற்குச் செலவு இல்லை. எஞ்சின் சூடானதும் ஐடிலில் விட்டு மூடியைக் கழற்றுங்கள். வால்வு ஒழுங்காக இருந்தால் ஐடில் 200 ஆர்.பி.எம். அளவுக்கு ஏறும். ஏறவே இல்லையென்றால் வால்வு அடைத்திருக்கிறது. அப்புறம் வால்வைப் பிரியுங்கள். மேலே ஒரு கம்பிக் கிளிப், மூடித் தகடு, ரப்பர் டயாப்ரம், கீழே ஊசி, ஸ்பிரிங். இரும்புச் சாமான்களைப் பெட்ரோலில் கழுவலாம். டயாப்ரத்தை சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவி, வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்து இழுத்துப் பாருங்கள். ஊசி துவாரம் இருந்தாலும் மாற்றிவிடுங்கள். பழைய டயாப்ரத்தை "நல்லாத்தானே இருக்கு" என்று அப்படியே போட்டுவிடுவது எல்லோரும் செய்கிற தப்பு. புது பிஸ்டனுக்கு ஆயிரக்கணக்கில் கொடுத்தவன்கூட இந்த ரப்பரில் மிச்சம் பிடிப்பான்.

இன்னும் உறுதி வேண்டுமென்றால் ஒரு நாள் மட்டும் இப்படி ஓட்டிப் பாருங்கள். பக்கக் கவரிலிருந்து வரும் ஹோஸை வால்விலிருந்து கழற்றி, தரையைப் பார்த்தபடி கட்டி விடுங்கள். மேனிஃபோல்டு பக்கத்துத் துளையை இறுக்கமாக அடைத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று கலந்து எஞ்சின் தடுமாறும். இருபது மைல் ஓட்டுங்கள். புகை அடங்கினால் குற்றவாளி இவன்தான். ஆனால் முதல் பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிவு கட்டாதீர்கள். 400 மைலாக சைலன்சருக்குள் ஊறிய ஆயில் எரிந்து தீர நேரமாகும். அது தீரும்வரை புகை வரத்தான் செய்யும். இது தெரியாமல் பாதி வழியிலேயே "சோதனை தோற்றது" என்று திரும்பி வந்தவர்கள் உண்டு.

பிரித்த கையோடு பக்கக் கவரின் உள்ளேயும் பாருங்கள். ஹோஸ் ஏறும் இடத்தில் ஆயில் துளிகளைப் பிடித்து நிறுத்தும் கம்பி வலை இருக்கவேண்டும். வேலை நடக்கும்போது அழுக்கென்று பிடுங்கி எறிந்திருந்தால், வீசியடிக்கும் ஆயில் நேராக ஹோஸில் ஏறும்.

இவ்வளவும் செய்து புகை நிற்கவில்லையென்றால் ஹெட். அங்கே நான் என் கதையைச் சொல்லியாக வேண்டும்.

1986-ல் ஒரு டாக்ஸி அம்பாசடர். ஃபுல் எஞ்சின் வேலை என் கையால் செய்து கொடுத்தேன். மூன்றாம் நாளே காந்திபுரம் ஸ்டாண்டில் கொசு மருந்து அடிப்பது போலப் புகை. டிரைவர் அண்ணன் கோபப்படவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிட்டார். நான் எஞ்சினை இறக்கி ரிங் மாற்றினேன். புகை. மறுபடி இறக்கினேன். ரிங் இடைவெளி அளந்தேன், வாய் பிரித்து வைத்தேன், இரண்டாவது ரிங் தலைகீழாக இருக்கிறதா என்று பார்த்தேன். எல்லாம் சரி. புகை மட்டும் நிற்கவில்லை. மூன்றாம் தடவை ஹெட்டை மட்டும் கழற்றி, ஒரு வால்வைத் தளர்த்தியபோதுதான் பார்த்தேன். வால்வுத் தண்டில் காட்டர் (தொப்பியைத் தண்டோடு பிடித்து நிறுத்தும் பூட்டு) காடிக்குக் கீழே இருக்கவேண்டிய சின்ன ரப்பர் வளையம், தண்டின் அடியில் கைடு மேல் அநாதையாகக் கிடந்தது. எட்டு வால்விலும் அப்படியே.

நான் வளையத்தை முதலில் போட்டு, அதன் மேல் ஸ்பிரிங்கும் தொப்பியும் வைத்து அழுத்தியிருக்கிறேன். தொப்பி வளையத்தைத் தள்ளிக்கொண்டு கீழே போய்விட்டது. சரியான வரிசை இது: முதலில் ஸ்பிரிங், தொப்பி. ஸ்பிரிங்கை அழுத்திப் பிடித்துக்கொண்டு, ஆயிலில் நனைத்த வளையத்தைத் தண்டில் இறக்கி, காடிக்குக் கொஞ்சம் கீழே நிறுத்தவேண்டும். அதன் பிறகு காட்டர். அதன் பிறகுதான் ஸ்பிரிங்கை விடவேண்டும். எட்டு வளையத்தின் விலை அன்றைக்கு ஒரு டீயும் பன்னும். அந்த அண்ணனுக்குப் போன சவாரி ஒன்பது நாள். காசு வாங்கவில்லை, ஆனால் காசு வாங்காததெல்லாம் ஒரு ஈடா?

உங்கள் ஹெட்டும் வெளிப் பட்டறையில் பூட்டி வந்தது. கேட்டுப் பாருங்கள், எந்த சீல், எந்த வரிசை என்று. கைடும் தண்டும் நடுவே இன்லெட்டில் ஒன்றரையிலிருந்து இரண்டரை தௌ இருக்கலாம். புது கைடு போட்டும் ரீமர் அதிகமாக விட்டுவிட்டால் பழைய கைடே தேவலை என்றாகிவிடும். இதைப் பார்க்க ஹெட்டைக் கழற்றவேண்டும் என்றில்லை. பிளக் துளை வழியே காற்றை ஏற்றி வால்வு விழாமல் தாங்கிக்கொண்டு, வண்டியிலேயே சீலை மாற்றலாம்.

ரிங்கை நான் முழுக்க விடுதலை செய்யவில்லை. கம்ப்ரஷன் 155 என்பது மேல் ரிங்குகளுக்கான சான்றிதழ்தான். கீழே உள்ள ஆயில் ரிங் தப்பாகப் பூட்டியிருந்தாலும் கம்ப்ரஷன் நன்றாகக் காட்டும். ஆனால் அப்படி இருந்தால் 60 மைலில் புகை இல்லாமல் போகாது. அதனால்தான் அவனைக் கடைசியில் நிறுத்துகிறேன். பட்டறைக்காரர் சொன்ன ஆயிரம் மைலையும் கேட்காதீர்கள். இப்படி ஆயில் எரிந்தால் ரிங் செட் ஆவதற்குப் பதில் கரி பிடித்துக்கொள்ளும்.

*(மூன்று வாரம் கழித்து அதே வாசகர்:) ஐயா, மூடியில் துளை இல்லை. டயாப்ரம் கல் மாதிரி இறுகி, ஓரத்தில் கிழிந்திருந்தது. இரண்டையும் மாற்றினோம். இப்போது 300 மைல் ஓடியாயிற்று, சிக்னலில் புகை இல்லை, இறக்கத்திலும் இல்லை. ஆனால் காலையில் ஸ்டார்ட் செய்யும்போது மட்டும் ஒரு நொடி, ஒரு சின்ன நீலக் கொத்து வருகிறது. குரோம் மூடியை என்ன செய்வது என்று மகள் கேட்கிறாள்.*

ராத்திரி வால்வுத் தண்டு வழியே இறங்கிய சொட்டு அது. சீல்தான். இந்தக் கோடையை ஓட்டுங்கள், குளிர் வந்து வண்டியை மூடும்போது மாற்றிக்கொள்ளலாம். மூடியை அவள் மேசையில் வைத்து, ஊக்கு போட்டு வைக்கச் சொல்லுங்கள்.

*என்னிடம் அப்பா வைத்திருந்த ஸ்டாண்டர்டு ஹெரால்டு இருக்கிறது. ரீபோர் செய்து ரிங் போட்டிருக்கிறோம். முதல் ஆயிரம் கிலோமீட்டர் 40-க்கு மேல் போகக்கூடாது, ஸ்டார்ட் செய்து ஒரு மணி நேரம் ஐடிலில் விடவேண்டும் என்று மெக்கானிக் சொல்கிறார். சரியா? (காரைக்குடி வாசகி)*

ஒரு மணி நேரம் ஐடிலில் விட்டால் பெட்ரோல்தான் தீரும், ரிங் கெடும்.

ரிங் தன் சொந்த ஸ்பிரிங் பலத்தால் மட்டும் போரில் அழுந்துவதில்லை அம்மா. பெட்ரோல் வெடிக்கும் அழுத்தம் ரிங்கின் பின்புறம் புகுந்து அதைச் சுவரோடு தள்ளுகிறது. ஹோனிங் செய்தபோது போரில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடு போட்டிருப்பார்கள். ரிங் அந்தக் கோடுகளில் உரசித்தான் தன் உருவத்தை எடுக்கும். ஐடிலில் அந்த அழுத்தம் போதாது. ரிங் மேலே மேலே வழுக்கி, ஆயில் வெந்து, கோடெல்லாம் கண்ணாடி மாதிரி மூடிக்கொள்ளும். அப்புறம் எத்தனை ஆயிரம் ஓட்டினாலும் புகை போகாது. மறுபடி பிரித்து ஹோன் போடவேண்டியதுதான்.

புது கேம்ஷாஃப்டும் டேப்பட்டும் போட்டிருந்தால், முதல் ஸ்டார்ட்டில் இருபது நிமிடம் 2000 ஆர்.பி.எம்.மில் பிடியுங்கள். தண்ணீர் சூட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு நேராக ரோட்டுக்கு. டாப் கியரில் 40-லிருந்து 60 வரை நன்றாக மிதித்து ஏற்றுங்கள், காலை எடுத்து வேகம் இறங்க விடுங்கள், மறுபடி ஏற்றுங்கள். பத்துப் பன்னிரண்டு தடவை. இன்ஜினைக் கதறவிடக் கூடாது, தூங்கவும் விடக்கூடாது. சாதாரண மினரல் ஆயில் ஊற்றுங்கள். சிந்தெடிக் இப்போதைக்கு வேண்டாம். 500 கிலோமீட்டரில் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள்.

1961-லிருந்து சென்னையில் செய்த வண்டி அது. அதன் 948 சிசி எஞ்சினின் குடும்பத்தில்தான் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற ஸ்போர்ட்ஸ் காரும் பிறந்தது. 40-ல் போகச் சொன்னால் அதற்கே ரோஷம் வரும்.

*கொழும்பில் எம்.ஜி. மிட்ஜெட் 1275 வைத்திருக்கிறேன். எஞ்சின் செய்த பிறகு கறுப்புப் புகை. பிஸ்டன் ரிங் பிழையா?*

கறுப்பு என்றால் ரிங்கை நினைக்கவே வேண்டாம், பெட்ரோல் கூடுதலாகப் போகிறது. உங்கள் எஸ்.யு. கார்புரேட்டரில் சோக் இழுத்தால் ஜெட் (பெட்ரோல் வரும் சின்னக் குழல்) கீழே இறங்கும், விட்டால் மேலே ஏறவேண்டும். இரண்டு கார்புரேட்டரின் அடியிலும் விரலை வைத்து ஜெட்டை மேலே தள்ளிப் பாருங்கள். ஒன்று மேலே போனால், அது இறுகித் தொங்கிக்கொண்டிருந்தது என்று அர்த்தம். கேபிளைத் தளர்த்தி, ஜெட்டைத் துடைத்துவிடுங்கள்.

*எஞ்சின் வேலைக்குப் பிறகு வெள்ளைப் புகை வந்தால் ஹெட் கேஸ்கட்தானே? (சேலம்)*

காலையில் ஐந்து நிமிடம் வந்து நின்றுவிட்டால் அது வெறும் ஆவி, சைலன்சரில் இரவு சேர்ந்த ஈரம். எஞ்சின் சூடான பிறகும் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்தால் கேஸ்கட்டைப் பாருங்கள். தண்ணீர் குறையவில்லை, ஆனால் பிரேக் ஆயில் டப்பா மட்டும் மர்மமாகக் காலியாகிறது என்றால், வாக்யூம் பிரேக் பூஸ்டரின் உள் சீல் போய், மேனிஃபோல்டு பிரேக் ஆயிலைக் குடித்துக்கொண்டிருக்கிறது. ஹெட்டை இரண்டு தடவை கழற்றிவிட்டு அதைக் கண்டுபிடித்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் டப்பாவைத் திறந்து பாருங்கள்.